கருமணியை நகர்த்தியவன்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் மட்டும்தான் இருந்தது. ஊர் வாயில் அவன் கிலுக்கு. மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அவனுடைய ஸ்டூடியோவுக்கு யாராவது வழி கேட்டால், "கிலுக்குக் கடையா? அதோ, மருந்துக் கடையை ஒட்டி" என்று கையைக் காட்டுவார்கள். காமிராவின் தலையில் ஒரு கிலுகிலுப்பையை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்ததால் வந்த பெயர் அது. அவன் கோபப்பட்டதில்லை. சொல்லப்போனால் அந்தப் பெயரில் அவனுக்கு உள்ளூர ஒரு தலைக்கனமே இருந்தது.

தலைக்கனத்துக்குக் காரணமும் இருந்தது. கல்யாணப் பெண்ணை நில் என்றால் நிற்பாள், சிரி என்றால் சிரிப்பாள். தவழ்கிற குழந்தை யாருடைய பேச்சையும் கேட்காது. மற்ற ஸ்டூடியோக்காரர்கள் குழந்தைப் படம் என்றாலே முகத்தைச் சுளிப்பார்கள். அழுது அடம்பிடிக்கிற பிள்ளையோடு யாராவது வந்தால், "எதுக்கு நம்ம உயிர வாங்குறீங்க, கிலுக்குகிட்ட போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அவனிடம் வந்தால் வேலை முடிந்துவிடும். முதலில் குழந்தையைக் கண்டுகொள்ளாதவன் போல விளக்கைத் திருப்பிக்கொண்டிருப்பான். அப்புறம் கிலுகிலுப்பை. அப்புறம் நாக்கை மேல் அண்ணத்தில் தட்டி ஒரு சொடுக்கு. கடைசியாகப் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவை, மெதுவாக. இரண்டாம் தடவை கூப்பிட்டால் அது பெயராக இருக்காது, வெறும் சத்தமாகிவிடும் என்பது அவன் கண்டுபிடிப்பு. குழந்தை திரும்பும். சிரிப்பு வருவதற்கு ஒரு மூச்சு முன்னால் கண் விரியும் பாருங்கள், அங்கே அமுக்குவான்.

இப்படிப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே நின்று நின்று அவனுக்கு ஒரு கணக்குப் பிடிபட்டிருந்தது. புத்தகம் படித்து வந்ததில்லை, தொழில் கொடுத்தது. மூன்று நான்கு மாதப் பிள்ளை முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். அடுத்த மாதங்களில் புது ஆளைக் கண்டால் ஒருமுறை அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இவனைப் பார்க்கும். ஒரு வயதை நெருங்கினால் கிலுகிலுப்பையை விரலால் சுட்டிக் காட்டிவிட்டு, "நீயும் பாத்தியா?" என்கிற மாதிரி அம்மா முகத்தைப் பார்க்கும். சிரிக்காத பிள்ளைகளும் உண்டு, கத்துகிற பிள்ளைகளும் உண்டு, திரைக்குப் பின்னால் ஓடுகிற வால்களும் உண்டு. ஆனால் ஏதோ ஒரு நொடியில் கண்ணும் கண்ணும் சந்தித்துவிடும். அந்த நொடியை வைத்துத்தான் அவன் அடுப்பு எரிந்தது.

அவனுக்கும் அவன் மனைவிக்கும் வெகுநாள் பிள்ளை இல்லை. ஊரார் பிள்ளைகளையெல்லாம் ஃப்ரேம் போட்டு விற்கிறவன் வீட்டுச் சுவர் காலியாகக் கிடந்தது. மனைவி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள், ஊசி போட்டுப் போட்டு அவள் கைகள் கன்றிப்போயின. கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாடியில் குடியிருந்த அவனுடைய அக்கா குழந்தையைத் தலையில் தூக்கி வைத்து ஆடினாள். குழந்தைக்கு அழகாக ஒரு பெயர் வைத்தும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான்.

பாப்பாவுக்கு ஒரு வயது ஆனபோது, கடையை அடைத்துவிட்டு அவளுக்கென்றே ஒரு முழுக் காலையை ஒதுக்கினான் கிலுக்கு. புதுக் கவுன், குட்டி ஸ்டூல், அதன்மேல் மெத்தை. மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குழந்தை விழாமல் கையை முட்டுக் கொடுத்திருந்தாள். அவன் கிலுகிலுப்பையை ஆட்டினான். பாப்பா குடை விளக்கின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கைச் சொடுக்கினான். கவுன் ஓரத்து மடிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டான். அப்புறம், வாழ்நாளில் எந்தப் பிள்ளைக்கும் செய்யாததைச் செய்தான். மறுபடி கூப்பிட்டான், மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டான்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் உங்களுக்குத் திரும்புது. சொந்தப் பொண்ணு உங்கள ஒரு ஆளாவே மதிக்கல பாருங்க!"

அவனும் சிரித்தான். சிரித்தபடியே குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பாப்பாவுக்குப் பசியோ தூக்கமோ இல்லை, காய்ச்சல் இல்லை. நன்றாக, சந்தோஷமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். அவன் அங்கே இருக்கிறான் என்பது மட்டும் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். ஒன்றிலும் அவள் பார்க்கவில்லை. ஒரே ஒரு படத்தில் முகம் நேராக இருந்தது, கண் மட்டும் ஓரமாக விளக்குக் கம்பியில் இருந்தது. தொழிலில் இதற்கெல்லாம் வழி உண்டு. குடும்பப் படத்தில் யாராவது கண்ணை மூடிவிட்டால், வேறொரு படத்திலிருந்து திறந்த கண்ணை வெட்டி ஒட்டுவார்கள். இங்கே வெட்டி ஒட்டவும் பார்க்கிற கண் ஒன்று இல்லை. அதனால் கிலுக்கு அந்தப் படத்தையே பெரிதாக்கி, இரண்டு கருமணிகளையும் தனித்தனியே பிரித்து, ஒரு நூலளவு நடுவுக்கு நகர்த்தினான். கருமணியில் விழுந்திருந்த விளக்கின் வெள்ளைப் புள்ளியையும் அதற்கேற்றபடி தள்ளி வைத்தான். கைதேர்ந்த வேலை. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பாப்பா அவனைப் பார்த்தாள்.

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினான். இன்னொன்று கடைக் கண்ணாடிக்குள் ஏறியது. அக்கா படத்துக்கு முன்னால் நின்று நெட்டி முறித்தாள். "என் கண்ணு! எப்படி முழிச்சு முழிச்சுப் பாக்குது பாரு. இந்தப் பக்கம் போனாலும் பாக்குது, அந்தப் பக்கம் போனாலும் பாக்குது!" மருந்துக் கடைக்காரர்கூட, "உன் பொண்ணு பார்வை ஆளையே துளைக்குதுய்யா" என்றார். கிலுக்கு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அவனுக்குத் தெரியாமல் இல்லை. அதுதான் கதையே. ஒன்றும் தெரியாத அப்பனாக இருந்திருந்தால் அவனுக்காகப் பரிதாபப்படலாம். படம் எடுத்த அன்று சாயங்காலமே போனில் தேடத் தொடங்கிவிட்டான். பெயர் சொன்னால் திரும்பாத குழந்தை என்று தேடினான். ஆட்டிசம் என்ற வார்த்தை வந்தது. மூடினான். மறுநாள் மறுபடி திறந்தான். வாடிக்கையாளர் போவதற்கும் வருவதற்கும் இடையில், ஸ்டூடியோ இருட்டில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் படித்தான். இந்த அறிகுறிகள் இருந்தாலே ஆட்டிசம் என்று முடிவுகட்டக் கூடாது, ஆனால் காட்டிவிட வேண்டும், சீக்கிரம் காட்டினால் குழந்தைக்கு உதவி செய்வது சுலபம் என்று படித்த இடமெல்லாம் ஒரே மாதிரி எழுதியிருந்தது. சீக்கிரம் என்ற வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தைத் தள்ளிவிடுவான்.

மனைவிக்கு அவனைப் போல ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்த பழக்கம் இல்லை. அவள் கண்டது ஒரே பிள்ளை. ஆனாலும் தாய்க்கு மூக்கில் வேர்த்தது. பாப்பா ஒரு சமயம் "பூ" என்றும் "தா" என்றும் சொல்லத் தொடங்கியிருந்தாள். அந்த இரண்டு வார்த்தைகளும் கொஞ்ச நாளில் காணாமல் போய்விட்டன. ஏதாவது வேண்டுமென்றால் சுட்டிக் காட்டமாட்டாள். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அந்தக் கையை ஃப்ரிட்ஜ் கதவில் வைப்பாள். அம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கமாட்டாள், கை மட்டும் போதும் அவளுக்கு. கடைக்குக் கூட்டி வந்தால் லென்ஸ் மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது தள்ளாடி விழுகிறவரைக்கும் குப்புறப் படுத்துப் பார்ப்பாள். லேமினேஷன் மெஷினின் சூடான பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மெஷினின் ரீங்காரம் எந்தச் சுருதியோ அதே சுருதியில் தானும் முனகுவாள். பிசகாது. அப்போது அவள் முகத்தில் வருகிற சந்தோஷம் மாதிரி ஒன்றை கிலுக்கு எந்தப் பிள்ளையிடமும் படம் பிடித்ததில்லை. அதைப் பார்க்க அவனுக்கு ஆசையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

"காது கேக்கலையோ என்னவோ," என்று மனைவி ஒருநாள் ஆரம்பித்தாள். அவளே கூட்டிக்கொண்டு போய்க் காதுக்குப் பார்த்தாள். காது அருமையாகக் கேட்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாடியிலிருந்து இறங்கி வந்த அக்காவுக்கு அதைக் கேட்டதும் கொண்டாட்டம்.

"நான் அப்பவே சொல்லல? காது நல்லாக் கேக்குது. கேட்டுக்கிட்டே கேக்காத மாதிரி இருக்குறா. திமிரு! எல்லாம் அவங்கப்பன் திமிரு. இவன் எப்பப் பேசினான் தெரியுமா? ஊரெல்லாம் ஊமைன்னு முடிவு பண்ணினப்புறம்தான் வாயத் தொறந்தான். நம்ம வீட்டுல எல்லாருமே லேட்டுதான்."

"பேச்சுக்கு மட்டும் சொல்லல அண்ணி. கூப்பிட்டா திரும்பமாட்டேங்குறா. எதையும் காட்டமாட்டேங்குறா. பக்கத்து வீட்டுக் குட்டி இவளவிடச் சின்னது, நிலாவப் பாத்தா 'அதோ அதோ'ன்னு என் முகத்தப் பிடிச்சுத் திருப்புது."

"அது வாயாடி. நம்ம பிள்ளை சாது. சாதுவா இருந்தாலும் குத்தமா?"

மனைவி கிலுக்குவின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. எத்தன பிள்ளைங்களப் பாத்திருக்கீங்க. இந்த வயசுல எல்லாம் இப்படித்தான் இருக்குமா?"

இதைவிட நேராக ஒரு கேள்வியை யாரும் கேட்க முடியாது. வீட்டில் விவரம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான், அவனிடமே கேட்டாள். அவன் ஆமாம் என்றோ இல்லை என்றோ தெரியவில்லை என்றோகூடச் சொல்லியிருக்கலாம். அவன் கை நீட்டிச் சுவரைக் காட்டினான்.

"பிள்ளைக்குப் பிள்ளை மாறும்மா. இது மாதிரி நான் எவ்வளவோ பாத்திருக்கேன். அங்க பாரு. பாக்காத பிள்ளையா அது? நேரா என் கண்ணப் பாக்குறா."

வண்டியிலிருந்து வருகிற சத்தத்தை மெக்கானிக் ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்பிவிடுகிறோம் இல்லையா, அப்படி அவள் நம்பினாள். அவள் முகம் தெளிந்தது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கிலுக்கு தன் கையாலேயே நகர்த்தி வைத்த கருமணிகள் இரண்டும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா, "நல்லாச் சொன்னடா தம்பி" என்று முதுகில் தட்டினாள்.

அப்புறம் அவன் தனக்குத்தானே எத்தனையோ சப்பைக்கட்டு கட்டினான். அவள் எத்தனை ஊசி வாங்கிப் பெற்றவள், தாங்கமாட்டாள். இன்னும் கொஞ்சம் வளரட்டும், அதுவாகச் சரியாகிவிடும். நாமாகப் போய் ஒரு பெயரை வாங்கிக்கொண்டு வந்து பிள்ளைமேல் ஒட்டுவானேன். இப்படி நல்ல நல்ல காரணங்கள். அடியில் கிடந்த காரணம் அத்தனை நல்லதில்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் திருப்பியவனுடைய பிள்ளை அவனுக்குத் திரும்பவில்லை என்று நாலு பேர் வாயில் வரக் கூடாது. கிலுக்கு என்ற பெயர் கேலியாகிவிடக் கூடாது. அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு நாளைக் கடத்தினான். பாப்பா வளர்ந்துகொண்டிருந்தாள்.

இந்த லட்சணத்தில் ஒருநாள் ஒரு லாரி டிரைவரும் அவன் மனைவியும் கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரிய பையன் ஒருவனோடு வந்தார்கள். பகல் நேரக் காப்பகத்தில் சேர்க்க பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டும் என்றார்கள். தானாக உட்காரமாட்டான் என்பதால், கிலுக்கு வழக்கம்போல அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, தலையோடு வெள்ளைத் துணியைப் போர்த்தி, துணிக்கு அடியிலிருந்து அவள் கையால் குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் செய்தான். படத்தில் பார்த்தால் பிள்ளை வெள்ளைச் சுவருக்கு முன்னால் தானாக உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

கிலுகிலுப்பைக்குப் பையன் திரும்பவில்லை. சொடுக்குக்கும் திரும்பவில்லை. பெயருக்கும் இல்லை. துணியின் ஓரத்தை விரலிடுக்கில் தேய்த்துக்கொண்டிருந்தான். கிலுக்கு காமிராவிலிருந்து கண்ணை எடுத்தான்.

"தம்பி ஏதாவது வேணும்னா விரலால காட்டுவானா?"

துணிக்குள்ளிருந்து பதில் வந்தது. "இல்லண்ணே. என் கையப் பிடிச்சு இழுப்பான்."

"பேச்சு?"

"கொஞ்சம் பேசினான். அப்புறம் நின்னுடுச்சு."

கிலுக்கு துணியை விலக்கினான். தான் திருட்டுத்தனமாகப் படித்து வைத்திருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல், நிதானமாக, பெரிய மனுஷன் தோரணையில் சொன்னான். பயப்படாதீங்க, இது நோயில்ல. ஆனா தள்ளிப்போடாதீங்க. குழந்தை வளர்ச்சியப் பாக்குற டாக்டர்னு தனியா இருக்காங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா பிள்ளைக்கு நல்லது. லாரி டிரைவருக்கு மூக்குமேல் கோபம் வந்தது. "படம் எடுக்குறது உன் வேலை. என் பிள்ளையப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று எகிறினான். அவன் மனைவி மட்டும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு கிலுக்குவுக்கு மனசு லேசாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி. திட்டு வாங்கியும் உண்மையைச் சொன்னோம் என்ற பெருமை வேறு. அடுத்தவன் பிள்ளை விஷயத்தில் எவ்வளவு தைரியம் பாருங்கள் அவனுக்கு! அன்று வீட்டுக்குப் போகும்போது பாப்பாவுக்கு ஒரு பொம்மை வாங்கிக்கொண்டு போனான். பாப்பா பொம்மையை ஒதுக்கிவிட்டு, அது வந்த டப்பாவின் மூடியை எடுத்துச் சுழற்றினாள்.

காலம் ஓடியது. பாப்பாவுக்கு மூன்று வயது தாண்டியது. அவளைச் சேர்த்துக்கொண்ட மழலையர் பள்ளி கொஞ்ச நாளிலேயே, "இன்னும் கொஞ்சம் பெரிசானதும் கூட்டிட்டு வாங்க" என்று நாசூக்காகத் திருப்பி அனுப்பிவிட்டது. மனைவி அவளைக் கடைக்கே கூட்டி வந்து, கவுண்டரில் படங்களை வெட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டாள்.

ஒரு பகல். கிலுக்கு திரைக்குப் பின்னால், வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் எடுக்க வந்த ஒரு ஆளுக்கு டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். வெளியே ஒரு பெண் குரல் கேட்டது.

"அண்ணன் இல்லையா?"

"உள்ள இருக்காரு. படம் எடுத்துட்டு இருக்காரு. உக்காருங்க," என்றாள் மனைவி.

"இருக்கட்டும்ங்க. ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். லாரி டிரைவர் சம்சாரம்னு சொல்லுங்க, ஞாபகம் வரும். அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு இவரத் திட்டிட்டுப் போனாரு. நான்தான் அழுது அடம் பிடிச்சு டாக்டர்கிட்ட போனேன். அண்ணன் சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. இப்பப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறோம். பையன் 'அம்மா தா'ன்னு கேக்குறான்ங்க! கைய இழுக்குறது குறைஞ்சுருச்சு, விரலால காட்டுறான். இன்னும் நிறைய இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா அண்ணன் அன்னிக்கு வாய மூடிட்டு இருந்திருந்தா நாங்க இன்னும் திமிரு, பிடிவாதம்னு அடிச்சுக்கிட்டுத்தான் இருந்திருப்போம்."

"என்ன சொன்னாரு?" என்று மனைவியின் குரல் கேட்டது. கத்தரி வெட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"அதாங்க. கூப்பிட்டா திரும்பல, விரலால காட்டல, வந்த பேச்சு நின்னு போச்சு, கையப் பிடிச்சு இழுக்குறான். இதெல்லாம் இருந்தா தள்ளிப்போடக் கூடாதுன்னு புட்டுப் புட்டு வச்சாரு. ஒரு டாக்டர்கூட அப்படிச் சொல்லமாட்டாரு." அப்புறம் குரல் கீழே தாழ்ந்தது. "உங்க பாப்பாவா? குட்டி... இங்க பாரு. குட்டி!"

லேமினேஷன் மெஷினின் ரீங்காரமும், அதே சுருதியில் ஒரு சின்னக் குரலும் கேட்டன. வேறொன்றும் கேட்கவில்லை. டை கட்டியிருந்த ஆள், "ரெடிங்களா சார்?" என்று கேட்டான். கிலுக்கு காமிராவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே போகலாம். போய் என்ன சொல்வது?

"அவரு உங்களுக்கும் சொல்லியிருப்பாரே," என்றாள் லாரி டிரைவரின் மனைவி, இந்தத் தடவை கேள்வியாக.

"ம்," என்றாள் அவன் மனைவி. வந்தவளுக்கு முன்னால் அவள் அவனை விட்டுக்கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசும்.

டை கட்டிய ஆள் படத்தை வாங்கிக்கொண்டு போனதும், மனைவி எழுந்து போய் ஷட்டரை இழுத்துவிட்டாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தேவலாம்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை நீ என்று சொன்னதில்லை. அவன் என்னென்னவோ சொல்லத் தொடங்கினான். உனக்காகத்தான், நீ தாங்கமாட்டேன்னுதான் என்று மென்று விழுங்கினான். அவள் அதே கேள்வியை மறுபடி கேட்டாள். அவன் கம்ப்யூட்டரைத் திறந்து, ஒரு வயதுப் படங்களை, திருத்தாத படங்களை, அப்படியே காட்டினான். அவளே மவுஸை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். குடை விளக்கைப் பார்க்கிற பாப்பா. கவுனைப் பார்க்கிற பாப்பா. தரையைப் பார்க்கிற பாப்பா. ஓரத்தில் அவளுடைய கையும், சிரித்துக்கொண்டிருக்கிற அவளுடைய பாதி முகமும்.

"இதுல நான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றாள்.

அவள் மவுஸைக் கீழே வைத்தாள்.

"எத்தன தடவ கேட்டேன் உன்ன. வேற யாருகிட்டயும் கேக்கல. உன்கிட்டத்தான் கேட்டேன். அந்தப் படத்தக் காட்டி என் வாய அடச்ச. நான் இவள எத்தன நாள் அடிச்சிருக்கேன் தெரியுமா? வேணும்னே செய்யுறான்னு அடிச்சிருக்கேன். கையில வாங்கிட்டு என் முகத்தக்கூடப் பாக்கமாட்டா. அதுக்கும் ஒண்ணு போட்டிருக்கேன்."

அவள் அழுதாள். அவன் தோளைத் தொடப்போனபோது தட்டிவிட்டாள். தட்டிவிட்டது நியாயம்தான் என்று அவனுக்கே தோன்றியது.

அன்றே டாக்டரிடம் நாள் வாங்கினாள். அக்கா மாடிப்படியில் நின்று, "பிள்ளைக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டப் போறியா?" என்று குதித்தாள். "நீங்க மேல போங்க அண்ணி," என்று அவள் சொன்ன தொனியில் அக்கா மேலே போய்விட்டாள். வீட்டில் அதன் பிறகு சமையல் நடந்தது, துவைப்பது நடந்தது. கிலுக்குவுக்கு வேண்டிய நேரத்தில் சோறும் கிடைத்தது. பேச்சு மட்டும் கிடைக்கவில்லை.

குழந்தை வளர்ச்சி டாக்டரின் அறையில் மேஜை ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. நடுவில் பாய் விரித்து விளையாட்டுச் சாமான்கள் போட்டிருந்தார்கள். டாக்டர் நடுவயதுப் பெண்மணி. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் பாப்பாவோடு விளையாடிப் பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினார். பாப்பா அவர் விரல் நுனியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் ஒரு மூடியைச் சுழற்றிவிட்டார். பாப்பா சட்டென்று குப்புறப் படுத்தாள். டாக்டரும் எதிரே குப்புறப் படுத்தார். மூடி விழுந்ததும் அதைக் கையில் எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பாப்பாவின் கண் மூடியைத் தேடி மேலே வந்து, ஒரு நொடி டாக்டரின் முகத்தில் நின்றது. "அதான்! அதான் வேணும்!" என்று டாக்டர் மறுபடி சுழற்றிவிட்டார். கிலுக்கு அதைப் பார்த்தான். யாரும் எதையும் நகர்த்தாமல், பாப்பா ஒரு முகத்தைப் பார்த்தாள். இந்தப் பார்வையை ஒரு வயதிலேயே யாராவது இப்படிப் படுத்துக் கேட்டிருக்கலாம்.

டாக்டர் எழுந்து அவர்களோடு உட்கார்ந்தார். "ஒரு நாள் பாத்துட்டு முடிவாச் சொல்லமாட்டேன். இன்னும் முறையாப் பாக்கணும். ஆனா அறிகுறிகள் தெளிவா இருக்கு. அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம், பயிற்சிய இந்த வாரமே ஆரம்பிச்சுடலாம். பாப்பா கெட்டிக்காரி. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இன்னும் சுலபமா இருந்திருக்கும், அவ்வளவுதான்." பிறகு கேட்டார், "முதல்ல யாரு கவனிச்சது?"

"இவருதான் டாக்டர்," என்றாள் மனைவி. "பாப்பாவுக்கு ஒரு வயசு ஆனப்பவே கவனிச்சுட்டாரு."

அவள் குரலில் குத்தல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். டாக்டரின் முகம் மலர்ந்தது.

"ஒரு வயசுலயேவா! பெரிய விஷயம் சார். இங்க வர்ற அப்பாக்கள்ல பாதிப் பேரு, பிள்ளைக்கு ஒண்ணுமே இல்லன்னு என்கிட்ட சண்டை போடுவாங்க. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"ஃபோட்டோ ஸ்டூடியோ," என்றான். 

"அதான் கண்ணு சட்டுனு பிடிச்சிருக்கு. உங்களமாதிரி ஒரு அப்பா கெடச்சது பாப்பாவுக்கு அதிர்ஷ்டம்." டாக்டர் சிரித்தபடியே சொல்லிவிட்டு, பிறகு ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி நெற்றியைச் சுருக்கினார். "அப்போ இடையில இத்தன நாள் எங்க காட்டிட்டு இருந்தீங்க? பயிற்சி ஏதாவது கொடுத்தீங்களா?"

மனைவி அவன் பக்கம் திரும்பினாள். அந்த வாரம் முழுக்க அவள் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பதிலைத்தான் கேட்க வேண்டியிருந்தது என்பது அவனுக்குப் புரிந்தது. இங்கே, இந்த டாக்டர் முன்னால், வாயைத் திறந்து நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டால், வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ஒரு வார்த்தை பேசினாலும் பேசுவாள். அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள். அதுவும் அவனுக்குப் புரிந்தது.

"கடையில வேலை ஜாஸ்தி டாக்டர்," என்றான் கிலுக்கு.

"எல்லாரும் சொல்றதுதான்," என்றார் டாக்டர். மனைவி பாய்க்குப் போய்ப் பாப்பாவின் பக்கத்தில், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். மீதிக் கேள்விகளையெல்லாம் டாக்டர் அவளிடமே கேட்டார்.